மழை நாட்களில் விட்டுப்போன மருந்து

இலங்கையில் கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறேன். என் பத்து மாத மகளுக்கு வலிப்பு நோய். கைகளை மடக்கி, தலையை வெடுக்கு வெடுக்கென்று முன்னால் சாய்ப்பாள். தூள் மருந்தைத் தண்ணீரில் கரைத்துக் காலையும் மாலையும் கொடுத்த பிறகு அது நின்றது. தானாக உட்காரவும் தொடங்கினாள்.

நாங்கள் வேலைக்குப் போகும்போது அவளைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விடுவோம். மருந்தும் அங்கேதான் அலுமாரியில் இருக்கும். பிள்ளைகளைப் பார்க்கும் அக்கா இரண்டு வேளையும் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கையில் தந்துவிடுவார்.

ஒருமுறை அடைமழை பிடித்தது. மழையில் பால்வெட்டு இல்லை, பிள்ளைக்காம்பராவும் பூட்டு. அக்காவைத் தேடிப்போய் மருந்தை வாங்கியிருக்கலாம்.

"புள்ள நல்லாத்தானே இருக்கா, ரெண்டு நாள்ல என்னங்க ஆகப்போகுது?" என்று கணவரிடம் சொன்னதே நான்தான்.

மூன்றாம் நாள் காலை வலிப்பு அடுக்கடுக்காக வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "மருந்து குடுத்ததாலதானே நல்லா இருந்தா? அத திடீர்னு நிப்பாட்டலாமா?" என்றார்.

இப்போது மருந்து வீட்டில், என் பொறுப்பில். காலை வேளையை நானே கொடுத்துவிட்டுத்தான் பால்வெட்ட மலைக்குப் போகிறேன். மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்குக்குப் போய்விடுகிறோம்.

வலிப்பு மறுபடி அடங்கிவிட்டது. ஆனால் அன்று உட்கார்ந்திருந்த பிள்ளை இன்றுவரை தானாக உட்காரவில்லை.