அம்மாவின் ரத்தத்தில் நான் அளந்தது

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்களில் நான் கோயம்புத்தூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். தோல் புற்றுநோய் செல்களைக் குப்பிகளில் வளர்ப்பது என் வேலை. உடம்பின் எதிர்ப்புச் செல்கள் புற்றுச் செல்லைக் கொல்ல வேண்டுமென்றால், முதலில் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிடியாக இருப்பது புற்றுச் செல்லின் மேல் நிற்கும் ஒட்டு மூலக்கூறு. இன்டர்ஃபெரான் என்பது எதிர்ப்புச் செல்கள் அனுப்பும் ஒரு சைகைப் பொருள். அதைக் குப்பியில் விட்டால் பிடிகள் அதிகம் முளைக்கும். ஆனால் உதிர்ந்து திரவத்தில் மிதக்கிற பிடிகளும் கூடவே அதிகமாகும். அவை எதிர்ப்புச் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு, நோயைப் பிடிக்க விடாமல் செய்துவிடும். எவ்வளவு உதிர்கிறது என்று அளந்துகொண்டிருந்தேன்.

அம்மா கீழ் கோத்தகிரியில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அப்பா இல்லை. பொங்கலுக்குப் போனபோது நொண்டி நடந்தாள்.

"கால்ல என்னம்மா?"

"ஒண்ணுமில்ல புள்ள. கவாத்து வெட்டுன தேயிலைக் கட்டை குத்திருச்சு."

குதிகாலில் கருப்பாக ஏதோ தெரிந்தது. தேயிலைக் கறை ஏறிய பாதம்தானே என்று நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியை எப்போதோ பூட்டியிருந்தார்கள். கம்பவுண்டரும் போய்விட்டார். தினமும் தோல் புற்றுநோயை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற ஒருத்தி தொழிலாளர்கள் குடியிருந்த அந்த லைன் வீடுகளில் இருந்தாள் என்றால் அது நான்தான்.

மே மாதம் தொடை இடுக்கில் கட்டி வந்த பிறகுதான் பாதத்தை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தேன். கருமை ஓரம் கலைந்து பரவி, நடுவில் புண்ணாகியிருந்தது. குப்பிகளில் நான் வளர்க்கிற அதே புற்றுதான் என்று தெரிந்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் குதிகால் புண்ணையும் கட்டியையும் வெட்டி எடுத்தார்கள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"இன்டர்ஃபெரான் ஊசி போட்டுப் பாக்கலாமுங்க. கேக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

நான் குப்பியில் விட்டதும் அந்தக் குடும்பத்து மருந்துதான், வகை வேறு. அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

"நீ படிக்கிற மருந்துதானே? அப்ப போடச் சொல்லு."

அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்துவிட்டு, குப்பியில் கண்டதை நான் சொல்லவில்லை. சரி என்றேன்.

ஒவ்வொரு ஊசிக்கும் காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப்போட்டது. சோறு இறங்கவில்லை. அவள் சம்மதத்தோடு ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்த ரத்தத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஊசிக்குப் பிந்திய ரத்தத்தில் உதிர்ந்த பிடிகள் அதிகமாக இருந்தன. இரண்டு தடவை அளந்தேன். பிறகு என் பேராசிரியையிடம் தாளை நீட்டினேன்.

"ஒருத்தரோட ரத்தத்த வெச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா," என்றார். "மருந்து நல்லதும் பண்ணியிருக்கலாம். நமக்குத் தெரியாது."

அவர் சொன்னது சரி. ஆனாலும் ஊசியை நிறுத்தச் சொல்லவா, தொடரச் சொல்லவா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. கடைசியில் அம்மாவே முடிவு செய்தாள்.

"போதும் புள்ள. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

ஐப்பசி மழையில், ஒரு மத்தியானம், நோய் நுரையீரலுக்கும் பரவி, மூச்சடைத்துப் போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் லைன் பெண்களை வாசலில் உட்காரவைத்துப் பாதங்களைக் கழுவிப் பார்த்தேன். சிலர் கூச்சப்பட்டுச் சிரித்தார்கள். இரண்டு பேருக்குக் கரும்புள்ளி இருந்தது. ஒருத்தி என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வெறும் ரத்தக்கட்டுதான் என்றார்கள். இன்னொருத்தி வரவில்லை.

"இப்ப லீவு போட்டா வேலையிலருந்து பேர வெட்டிருவாங்க," என்றாள். "நிலைமை தேறட்டும், வர்றேன்."

இரண்டு முறை ஆள் அனுப்பினேன். மூன்றாவது முறை நானே போனபோது தோட்டத்தையே மூடியிருந்தார்கள். அவள் வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனாள் என்று பக்கத்து வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.