பங்குனி வெயிலில் ஹீட்டர்

போன வியாழக்கிழமை, கொளுத்தும் பங்குனி வெயிலில், என் புதுக் காரில் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு மன்னார்குடி போனேன். கூடவே அப்பாவும் அம்மாவும்.

இல்லை, நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். ஏசி இல்லை. ஹீட்டர்!

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் என் கார் புராணம் கொஞ்சம் கேட்க வேண்டும். வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனாலோ என்னவோ, அச்சடித்து எது கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கம்வரை படித்துவிடுவேன். காரோடு கொடுத்த கையேட்டை அப்படித்தான் படித்தேன். அதில் சின்னச் சின்ன விளக்குகளுக்கென்றே ஒரு அத்தியாயம். பச்சை, நீலம் எரிந்தால் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று அர்த்தம், பயமில்லை. மஞ்சள் எரிந்தால் பார்த்துப் போ, சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டு. சிவப்பு எரிந்தால் பேச்சே கிடையாது... ஓரமாக நிறுத்து.

ஒரு இயந்திரம் தனக்கு எங்கே வலிக்கிறது என்று தானே சொல்கிறது! மனிதர்களில் எத்தனை பேர் சொல்கிறோம்?

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று காலை பதினோரு மணிக்கு தாசில்தார் ஆபீசில் விசாரணை. எங்கள் தெரு முழுக்க ஒரு காலத்தில் பண்ணையாட்களாக இருந்தவர்கள். அந்தப் பண்ணையின் பேரன் இப்போது வந்து, 'தெரு இருக்கும் இடம் எங்களுடையது, இவர்கள் நேற்று வந்து குடியேறியவர்கள், காலி செய்ய வேண்டும்' என்று மனு போட்டிருக்கிறார். தெருவின் சார்பாகப் பேச ஒரு ஆள் வேண்டும். ஆண்கள் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டையாகிவிடும் என்று தெருவே கூடி அம்மாவைத் தேர்ந்தெடுத்தது. ஆபீசில் எழுதிக் கொடுத்திருப்பதும் அம்மா பேர்தான். அவள் அன்றைக்கு ஆஜராகவில்லை என்றால், ஆட்சேபணை இல்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். வீடு போய்விடும். எங்கள் வீடு மட்டுமல்ல, தெருவே.

தெருக்காரர்கள் எல்லோரும் காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்கள். அம்மாவும் போயிருப்பாள். நான்தான் தஞ்சாவூரிலிருந்து விடியற்காலை கிளம்பி வந்து, "காருல ஜம்முன்னு போவலாம்மா" என்று பிடித்து நிறுத்தினேன்.

"ஓசி பஸ்ஸு வாசலுக்கு வருது. அத விட்டுட்டு இவன் காருல போவணுமாம்" என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பா பின்னால்.

அம்மாவிடம் காட்டத்தான் எனக்கு ஒரு விஷயம் இருந்தது. சீட்டுக்கான பட்டனை அழுத்தினேன்.

அம்மா துள்ளி எழுந்தாள். "ஏய்... அடியில என்னமோ ஊதுதுடா!"

"சீட்டுல ஃபேன் இருக்கும்மா. முதுகு வேர்க்காது."

அம்மா மெல்லச் சாய்ந்தாள். முதுகைக் கொஞ்சம் தூக்கினாள், மறுபடி சாய்ந்தாள். நாள் முழுக்க வெயிலுக்குக் காட்டியே பழகிய முதுகு. அதற்கென்று தனியாக யாரோ காற்று வைத்திருக்கிறார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. பிறகு பின்னால் திரும்பாமலே கேட்டாள்: "இந்தா, ஒங்களுக்கு ஊதுதா?"

"எனக்கு ஊதல. முன் சீட்டுக்காரவுங்களுக்குத்தான் ஊதும்போல. காருலயும் பண்ணையார் சீட்டு, ஆளு சீட்டுன்னு வச்சிருக்கானுவ" என்றார் அப்பா. விவசாயச் சங்கத்தில் செங்கொடி பிடித்தே முடி நரைத்தவர். சீட்டிலும் அவருக்கு வர்க்கம் தெரியும்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போன வழியில்தான் அந்த உளுந்து.

எங்கள் பக்கம் பங்குனியில் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். பறித்துக் காயவைத்த உளுந்துச் செடியை ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் நசுக்க நசுக்க, நெற்று வெடித்து உளுந்து உதிரும். கூலி கேட்காத ஆள் ரோட்டில் போகிற வண்டிதானே? வெளியூர் டிரைவர்கள் திட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கிப் போவார்கள்.

நானும் அனிச்சையாக ஒதுக்கினேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்டா ஓரமா போற? காரு வந்ததும் நீயும் தொர ஆயிட்டியா? மேலயே ஏத்துடா. பாவம், வெயில்ல நிக்குதுங்க."

ஏற்றினேன். அங்கே நின்றிருந்த இரண்டு பெண்களுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "தம்பி, இன்னொரு சுத்து வாயேன்! ஒன் டயரு நல்லா அகலமா இருக்கு!"

இந்த மாதிரி ஒரு பாராட்டு எனக்குக் கல்லூரியில் பாடம் நடத்தி ஒருநாளும் கிடைத்ததில்லை. பின்னால் எடுத்தேன், முன்னால் ஏறினேன், மறுபடி பின்னால். சென்சார் பீப் பீப் என்று கத்தியது.

"எதுக்குடா கத்துது?" என்றாள் அம்மா.

"பின்னாடி ஏதோ இருக்குன்னு சொல்லுதும்மா."

"உளுந்துன்னு சொல்லு அதுக்கிட்ட."

சொல்லாமலே விட்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால், பாவம், அது முறையாகத்தான் எச்சரித்திருக்கிறது!

கொஞ்ச தூரம் போனதும் ஒரு மஞ்சள் விளக்கு. வட்டத்துக்குள் ஏபிஎஸ் என்று எழுதிய விளக்கு. பிரேக் பிடிக்கும், ஆனால் திடீரென்று அழுத்தினால் சக்கரம் வழுக்காமல் காக்கிற வசதி வேலை செய்யாது. மஞ்சள்தானே, மெதுவாகப் போவோம், மன்னார்குடியில் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டேன். அது கையேட்டின்படி சரிதான். அடுத்து வந்ததுதான் சிவப்பு.

கீழே இரண்டு அலை, அதற்குள் நிற்கிற ஒரு தெர்மாமீட்டர். எஞ்சின் சூடு எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். மணிச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் கவனித்தேன். ஓரமாக இறக்கி எஞ்சினை அணைத்தேன்.

"அந்தச் செவப்பு வெளக்க நான் அப்பவே பாத்தேன்டா" என்றார் அப்பா.

"பாத்துட்டு ஏம்ப்பா சொல்லல?"

"செவப்புதானே... நம்ம கலரு, நல்லதுக்குத்தான்னு இருந்துட்டேன்."

கதவைத் திறந்து இறங்கினேன்.

குனிந்து பார்த்தேன். காருக்கு அடியில் உளுந்துச் செடி தாடி போலத் தொங்குகிறது. முன்சக்கரத்து அச்சில் கயிறாகச் சுற்றியிருக்கிறது, மஞ்சள் விளக்கு எரிந்தது அதனால்தான். முன்னால் காற்று போகிற கம்பிவலை முழுக்கச் சருகு. அதன் வழியாக ஒரு கொத்து உள்ளே போய், ரேடியேட்டர் ஃபேன் இறக்கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. காய்ந்த செடி, பக்கத்திலேயே கொதிக்கிற சைலன்சர். தீப்பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம். அம்மா சொன்னாலும் சரி, யார் சொன்னாலும் சரி... தயவுசெய்து உளுந்து மேல் கார் ஏற்றாதீர்கள்.

அப்பா தண்ணீர் பாட்டிலோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். "தொடாதப்பா!" என்று நான் போட்ட சத்தத்தில் பாட்டில் கீழே விழுந்தது. சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கொஞ்சம் ஆறியதும் துண்டை விரித்துப் படுத்து, நானும் அம்மாவும் சருகைப் பிடுங்கினோம். தண்ணீர் அளவு குறையவில்லை. எஞ்சினைப் போட்டேன். ஓடுகிறது. ஆனால் ஃபேன் சுற்றவில்லை. சிக்கியதில் ஃபியூஸ் போயிருக்க வேண்டும்.

உதவிக்குப் போன் செய்தால் தஞ்சாவூரிலிருந்து ஆள் வர மத்தியானம் ஆகும் என்றார்கள். பஸ்ஸும் மத்தியானம்தான். அந்த ரோட்டில் வேறு வண்டி எதுவும் கண்ணில் படவில்லை. அம்மா புடவையை இழுத்துச் செருகினாள். "நான் நடக்குறேன். நீ வண்டிய பாரு."

மன்னார்குடி நடக்கிற தூரமா? அவளுக்கும் தெரியும். இருந்தாலும் நடக்க ஆரம்பித்துவிட்டாள். தெருவே போகப் போகிறது... என் ஒரு ஆசையால்.

அப்போதுதான் கையேட்டில் படித்தது ஞாபகம் வந்தது. எஞ்சின் சூடேறினால் ஏசியை அணை, ஹீட்டரை முழு அளவில் வை. படித்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்! பிறகு புரிந்தது. காரின் ஹீட்டருக்குத் தனி அடுப்பு கிடையாது. எஞ்சினைச் சுற்றி வருகிற கொதிநீரின் சூட்டைத்தான் எடுத்து உள்ளே ஊதுகிறது. நாம் எவ்வளவு சூட்டை வாங்கிக்கொள்கிறோமோ, எஞ்சினுக்கு அவ்வளவு குறைகிறது. குளிருக்காக வைத்த சொகுசு, கஷ்டகாலத்தில் காரையே காப்பாற்றும்.

அம்மாவை ஓடிப்போய் நிறுத்திச் சொன்னேன். "ஆனா உள்ள அடுப்பு மாதிரி இருக்கும்மா. தாங்குவியா?"

"அதோட சூட்ட நம்ம வாங்கிக்கிட்டா அது ஓடுமா?"

"மெதுவா ஓடும். சூடு ஏறினா நிறுத்திடணும்."

"அப்ப வாங்கிக்குவோம். நம்மள அதுதானே தூக்கிக்கிட்டுப் போவுது" என்று ஏறி உட்கார்ந்தாள்.

நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஹீட்டரைப் போட்டேன். அந்தக் காற்று வந்து முகத்தில் அறைந்தது பாருங்கள்... வெளியே வீசிய அனல் காற்று தென்றலாகத் தெரிந்தது. "ஏசி காரு வாங்கி அதுல அடுப்ப மூட்டிக்கிட்டுப் போற குடும்பம் நம்ம குடும்பந்தாண்டா" என்றார் அப்பா.

நான் ரோட்டைப் பார்க்க வேண்டும். சூடு காட்டுகிற முள்ளை யார் பார்ப்பது? அம்மாவிடம் கொடுத்தேன் அந்த வேலையை. "இந்தப் படத்துக்குப் பக்கத்துல இருக்குற முள்ளு பாதிய தாண்டி மேல போனா சொல்லும்மா."

அம்மா எட்டிப் பார்த்தாள். "கொதிக்கிற பானையில அகப்பைய விட்டாப்புல இருக்கே, அதா?"

அதேதான்! எனக்குப் புல்லரித்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பட்டா, நோட்டீஸ், ரேஷன் கார்டு... அவள் வாழ்க்கையை முடிவு செய்கிற எந்தக் காகிதத்தையும் யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு. சரியாகச் சொல்கிறார்களா என்பதும் தெரியாது. ஆனால் எந்தத் தேசத்திலோ யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து, எந்த மொழிக்காரனும், எழுத்தே தெரியாதவனும் படிக்கட்டும் என்று ஒரு பானையையும் அகப்பையையும் வரைந்து வைத்திருக்கிறான். அம்மா யார் தயவும் இல்லாமல் படித்துவிட்டாள்.

"ஏறுதுடா... ஏறுது... ம், நின்னுடுச்சு. எறங்குது. போ, போ." வழி முழுக்க இதுதான். ஒரே ஒருமுறை கை காட்டி நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். முள் இறங்கியதும் கிளம்பினோம். அம்மா முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கியபோதும் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

தாசில்தார் ஆபீஸ் வாசலில் எங்கள் தெருக்காரப் பெண் ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள். "யக்கா, ரெண்டாந்தடவ கூப்புட்டுட்டாங்க! ஓடியா, ஓடியா!"

அம்மா உள்ளே போய் நின்ற கோலம்... குளத்தில் முங்கி எழுந்தவள் மாதிரி. தாசில்தார் ஒரு அம்மையார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, ஓடி வந்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க, கார்லதாங்க வந்தேன்" என்றாள் அம்மா. "ஏசி காருங்க."

ஆபீசே சிரித்தது. பண்ணைப் பேரனின் வக்கீலும் சிரித்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேச ஆரம்பித்தாள். தெருவின் கீழ்க்கோடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வீடாக... இந்த வீட்டில் யார் பிறந்தார்கள், யார் வாழ வந்தார்கள், யார் செத்தார்கள், எந்த வெள்ளத்தில் எந்தச் சுவர் விழுந்தது, அதை மறுபடி எழுப்ப யார் யார் மண் சுமந்தார்கள். செத்துப்போன பெரிய பண்ணையாரே எந்த வீட்டு வாசலில் நின்று, எந்த வேலைக்கு, யாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் என்பது உட்பட. "நாங்க நேத்து வந்தவங்கன்னா, அவங்க தாத்தா யாரைங்க எங்க வாசல்ல வந்து கூப்புட்டாரு?" என்று கேட்டாள்.

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். தாசில்தார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நேர்ல வந்து பாக்குறேம்மா. அதுவரைக்கும் யாரும் யாரையும் காலி பண்ணச் சொல்லக் கூடாது" என்றார்.

திங்கட்கிழமை வந்தார். ஜீப் தெருவுக்குள் நுழையவில்லை, அவ்வளவு குறுகல். மெயின் ரோட்டிலேயே இறங்கி, வெயிலில் நடந்து, வீடு வீடாகப் பார்த்தார். அம்மா சொன்ன பெயர்களை அந்தந்த வாசலில் நின்று கேட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. மனுவைத் தள்ளுபடி செய்து நேற்று உத்தரவு வந்துவிட்டது. எங்கள் தெரு, தெருவாகவே இருக்கிறது.

உத்தரவை நான் படித்துச் சொல்லி முடித்ததும், அம்மா உடனே அடுத்த மனுவை எழுதச் சொன்னாள்: தெருவுக்குள் கார் வருகிற அளவுக்கு ரோடு வேண்டுமாம்!