மேல் டிவிஷன் கூப்பிடுகிறது

அன்றைக்கு எஸ்டேட் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: போர்டின் முன்னால் நான், ஜன்னலோர நாற்காலியில் அசிஸ்டென்ட் மேனேஜரான சின்னதுரை, மேஜைக்கு அந்தப் பக்கம் பெரிய கிளார்க், கதவருகே சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த ஆபீஸ் பியூன். ஐந்தாவதாக யாரும் இல்லை. இதைப் பிற்பாடு பலர் கேட்டார்கள், எழுதியும் வாங்கினார்கள். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதே வரிசையில்தான் சொல்வேன். மணி மூன்றரை. வெளியே மூடுபனி இறங்கி, முற்றத்தில் நின்ற ஜீப்பே தெரியவில்லை. போர்டில், தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல் டிவிஷனுக்கு உரிய பித்தளை மூடி டக்கென்று விழுந்தது. நான்கு பேரும் பார்த்தோம்.

அந்தப் போர்டு, கதவில்லாத பீரோ மாதிரி ஒரு மரப்பெட்டி. அதன் நெற்றியில் இரண்டு வரிசையாகப் பித்தளை மூடிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு துளை. எஸ்டேட்டில் பங்களாவிலோ ஃபாக்டரியிலோ டிவிஷன் ஆபீஸிலோ யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால், அந்த இடத்துக்கு உரிய மூடி இங்கே விழும். அவர்கள் சுற்றுகிற நேரமெல்லாம் பக்கத்துச் சின்ன மணி அதிரும். நான் ஒயர் முனையைத் துளையில் செருகி, என்ன வேண்டுமென்று கேட்டு, இணைத்துவிடுவேன். வண்டிப்பெரியாருக்கு மேலே, பஸ் போகாத உயரத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அந்தப் பெட்டிதான் வாயும் காதும்.

எட்டாம் வகுப்பில் பாதியிலேயே நின்று கொழுந்து கிள்ளப் போனவள் நான். போர்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிக் கம்பம் ஊருக்குப் போனபோது, தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் நம்பர் சொல்லத் தெரியும், குரல் தெளிவாக இருக்கிறது என்று என்னை உட்கார வைத்தார்கள். நாற்காலி மாறியதே தவிர சம்பளம் மாறவில்லை. கொழுந்துக்காரிக்கு உள்ள அதே நாள்கூலி. எடை கூடினால் கிடைக்கும் காசுகூட இங்கே கிடையாது. மாதச் சம்பளக்காரியாக ஆனால்தான் ஆள். அதுவரை எந்தக் காலையிலும் 'நாளைக்கு வர வேண்டாம்' என்று சொல்லலாம். அது போதாதென்று எனக்குப் பிறவியிலேயே பயந்த சுபாவம். மூடியை நிமிர்த்தி வைத்தேனா, ஒயரை உருவினேனா என்று வீட்டுக்குப் போகிற வழியில் பாதி தூரம் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மணியடிப்புக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிற வழக்கமும் அந்தப் பயத்தில் வந்ததுதான்.

எஸ்டேட் முழுக்க ஓடிய கம்பியைப் பார்த்துக்கொண்டவர் ஒரே ஆள். தென்காசிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் லைன் அண்ணாச்சி. மரம் விழுந்தால், யானை கம்பத்தை முட்டினால், இடி இறங்கினால், டெஸ்ட் போன் வைத்த தோல்பையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடந்துவிடுவார். பியூனுக்கு அவரைச் சீண்டாமல் பொழுது போகாது. "என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் காயப்போட்ட வேட்டி கணக்கா கம்பியில தொங்குனியளா?" என்பான். "ஆமாவே, ஒம் மாமனாரு சொத்து அறுந்துறப்படாதுல்லா," என்று அவர் திரும்பிப் பாராமலே சொல்லிவிட்டுப் போவார்.

அவருக்குக் கூலி எழுதுகிற முறை விநோதமானது. காட்டுக்குள் போகிறவன் வேலை செய்கிறானா, டீக்கடையில் குந்தியிருக்கிறானா என்று யார் பார்ப்பது? அதனால் ஆபீஸில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் அந்த இடத்திலிருந்து டெஸ்ட் போனை மாட்டி, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்று சுற்ற வேண்டும். மத்தியானச் சங்குக்குப் பிறகு அந்த ரிங் போர்டுக்கு வந்தால் முழு நாள். வராவிட்டால் அரை நாள். ரிங் வந்ததும் நான் செருகுவேன். "கேக்குதா தாயி?" என்பார். "கேக்குது அண்ணாச்சி," என்பேன். "அப்ப எழுதிக்கோ," என்பார். ஒரு மனுஷனுடைய நாள் என் வாயில் இருந்தது. ஒருநாள் காது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று குளிர்காலத்தில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குவேன்.

அவரை விட அந்த வேலை தெரிந்தவர் அங்கே வேறு யாருமில்லை. ஆனாலும் பல வருஷமாகக் கூலிக்காரர்தான். இத்தனை நாள் இடைவெளியில்லாமல் வேலை செய்தால் நிரந்தரம் என்று கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு நிறையப் போகிற சமயத்தில் ஆபீஸில் இரண்டு நாள் 'பிரேக்கு' கொடுப்பார்கள். மூன்றாம் நாள் மறுபடி முதலிலிருந்து. நிரந்தரமானால் மாதச் சம்பளம், கம்பளி, மழைக்கோட்டு, பிடித்தப் பணம். அதைவிடப் பெரிது, லயத்தில், எஸ்டேட் கட்டிக் கொடுத்த வரிசை வீட்டில், இருக்கிற அறை. அவர் மனைவியை மதினி என்பேன். நெஞ்சுச் சளிக்காரி, கொழுந்துக்குப் போக முடியாது. இரண்டு பிள்ளைகள். நிரந்தரமான ஆள் செத்தால் குடும்பத்துக்குப் பணமும் ஒருவருக்கு வேலையும் உண்டு, அறையும் நிற்கும். கூலிக்காரன் செத்தால் அறையைக் காலிசெய்ய வேண்டும்.

அந்த வருஷம் மழை விடாமல் அடித்தது. தினமும் எங்காவது கம்பி அறுந்ததால் அவரில்லாமல் ஒருநாளும் ஓடவில்லை. மேனேஜர் பெரியதுரையும் ஊரில் இல்லை. பிரேக்கு கொடுக்க மறந்துவிட்டார்கள். அண்ணாச்சி அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். "மறந்துட்டானுவ தாயி. நீயும் மறந்த மாதிரியே இரி." அதன்பிறகு ஆபீஸ் வராந்தாவில் இருமக்கூட மாட்டார், யாருக்காவது அவர் ஞாபகம் வந்துவிடும் என்று. கிளார்க் எதிரே வந்தால் பின்பக்கமாகச் சுற்றிப் போவார். எனக்கோ கிளார்க் நாள்காட்டியைப் பார்க்கும்போதெல்லாம் உயிர் போய் வரும். கடைசியில் ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தது. அந்த நாளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விடியற்காலையிலேயே மேல் டிவிஷன் லைன் செத்துவிட்டது. அண்ணாச்சி எட்டு மணிக்குப் போனார். போகும்போது வழக்கப்படி நான் மேல் டிவிஷன் துளையில் சிவப்புத் துணியைச் செருகினேன். ஆள் கம்பியில் இருக்கிறான், இங்கிருந்து யாரும் ரிங் அடிக்கக் கூடாது என்பது அதற்கு அர்த்தம். கைப்பிடியைச் சுற்றினால் கம்பியில் ஏறுகிற கரண்டு ஆளைக் கொல்லாது. ஆனால் ஈரக் கையோடு கம்பத்தின் உச்சியில் இருப்பவனை உலுக்கி எறிந்துவிடும். எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. சின்னதுரை வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கெட்டவர் இல்லை, பதற்றக்காரர். ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது, மரப்பாலம் வழியாக வராதீர்கள் என்று மேல் டிவிஷன் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். பதினொரு மணி வாக்கில் எழுந்து வந்தார், துணியைப் பிடுங்கினார், ஒயரைச் செருகி, கைப்பிடியைச் சுற்றினார். நான் அவர் கையைப் பிடிக்காத குறை. "துரை, அண்ணாச்சி கம்பியில இருக்காரு," என்றேன். பியூனும் எழுந்துவிட்டான். அவர் மூன்று தரம் சுற்றிவிட்டு, "டெட்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். துணியை நான் மறுபடி செருகினேன். மத்தியானச் சங்கு ஊதியது. மேலேயிருந்து ஆட்கள் தாங்களாகவே சுற்றுவழியில் இறங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அண்ணாச்சி வரவில்லை.

மூன்றரைக்கு மூடி விழுந்தது. மணி அதிர்ந்தது. நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு. சின்னதுரை நெஞ்சில் கைவைத்துச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. நான் துணியை எடுத்துவிட்டுச் செருகினேன். முதலில் மழைச் சத்தம். பக்கத்தில் பெய்கிற மழை இல்லை, ஒரு பெரிய பாத்திரத்துக்குள் பெய்கிற மாதிரி. பிறகு, "கேக்குதா?" என்றது. அவர் குரல்தான். தாயி என்று சொல்லவில்லை. "கேக்குது அண்ணாச்சி," என்றேன். மறுபடி, "கேக்குதா?" நான் சத்தமாக, "கேக்குது அண்ணாச்சி, எழுதிக்கிட்டேன்," என்றேன். மழை நின்றது. ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டுதான் இருந்தது; காதில் நின்றது.

அன்று இருட்டும்வரை அவர் வரவில்லை. மறுநாள் காலை தேடிப்போனவர்கள் பாதி வழியில், கம்பத்தின் அடியில் கண்டார்கள். அறுந்த கம்பி சேர்க்கப்படவே இல்லை. ஒரு முனை பள்ளத்தில் கிடந்தது. ஆபீஸ் பக்கத்து முனை அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. தோல்பையின் வார் போட்டபடியே இருந்தது, டெஸ்ட் போனை எடுக்கவே இல்லை. வண்டிப்பெரியாரிலிருந்து வந்த டாக்டர் பார்த்துவிட்டு, முந்தின நாள் மத்தியானத்துக்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது என்றார். இடி இறங்கினால் மூடி தானாக விழும் என்று பிறகு கம்பி பார்க்க வந்த மெக்கானிக் சொன்னார். விழும், நானே பார்த்திருக்கிறேன். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு என்று இடி இறங்குமா என்று கேட்டேன். அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்.

போலீஸ் ஏட்டு வந்து எங்கள் நான்கு பேரையும் கேட்டார். நடந்ததை, கைப்பிடியைச் சுற்றியது உட்பட, நடந்தபடி சொன்னேன். மூன்றரைக்கு ரிங் வந்தது என்பதை நான்கு பேருமே சொன்னோம். ஆகையால் மூன்றரை வரை ஆள் உயிரோடு இருந்தார், காலையில் கைப்பிடி சுற்றியதற்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அந்த வாரக் கூலி போடும்போது பார்த்தால் அண்ணாச்சிக்கு அன்றைக்கு அரை நாள். டாக்டர் மத்தியானத்துக்கு முன்னால் என்று சொல்லியிருக்கிறாரே என்றார்கள். அரை நாள் நிரந்தரக் கணக்கில் சேராது, ஒரு நாள் குறைந்தது; நிரந்தரம் இல்லை; மதினிக்கு ஒன்றுமில்லை. நான் பெரிய கிளார்க்கின் முன்னால் போய் நின்றேன். மூன்றரைக்கு ஆள் உயிரோடு இருந்தாரா இல்லையா என்று கேட்டேன். அவர் கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மோளே, அது வேற பேப்பர். இது வேற பேப்பர்," என்றார்.

அறையைக் காலிசெய்த அன்று மதினி எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "அவுக குரல்தானா?" என்றாள்.

"அவரு குரல்தான் மதினி."

"நீ கேக்குதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன்."

அவள் நேராகக் கிளார்க்கின் ஜன்னலுக்குப் போய், அவர் நீட்டிய அரை நாள் காசை அவர் பக்கமே தள்ளி வைத்தாள். "முழு நாளுக்குக் குடுக்கிறப்ப வாங்கிக்கிடுதேன்," என்றாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குமுளி வழியாகக் கீழே இறங்கிவிட்டாள். கம்பம் பக்கம் எங்கோ இருந்தாள் என்று கேள்வி. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சின்னதுரையை வேறு எஸ்டேட்டுக்கு மாற்றினார்கள். புது லைன்காரர் வந்தார், அவரும் கூலிக்குத்தான். பிரேக்கு கொடுக்க அதன்பிறகு யாரும் மறக்கவில்லை. யூனியன்காரர்கள் சண்டை போட்டு எனக்குச் சில வருஷம் கழித்து மாதச் சம்பளம் ஆயிற்று. ஆனால் மழை பிடித்த பிற்பகல்களில் மேல் டிவிஷன் மூடி விழும். செருகினால் யாரும் இருக்க மாட்டார்கள், மழை மட்டும் பெய்யும். அந்த டிவிஷன் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டால், போன் பக்கமே போகவில்லை என்று சத்தியம் செய்வார். நான் தாழ்ந்த குரலில், "கேக்குது அண்ணாச்சி," என்று சொல்லி மூடியை நிமிர்த்திவிடுவேன். பெரிய கிளார்க் அந்த நேரம் ஏதாவது தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார். போர்டைக் கழற்றித் தானாக இணைக்கிற மெஷின் வைத்த நாளில், பியூன் அந்த ஒரு மூடியை மட்டும் திருகி எடுத்து என் கையில் வைத்தான்.

இப்போது குமுளியில் இருக்கிறேன். கடைசி மகன் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வீட்டு மாடியிலிருந்தே வேலை செய்கிறான். எந்த ஊரிலோ யாருடைய கம்ப்யூட்டரோ நின்றுபோனால் இவனைக் கூப்பிடுவார்கள். காதில் மாட்டிக்கொண்டு சரிசெய்து கொடுப்பான். எத்தனை பேருக்குச் சரிசெய்தான் என்பது மெஷினில் ஏறினால்தான் அன்றைய கணக்கு. சம்பளம் நடுவில் ஒரு காண்ட்ராக்ட்காரர் கொடுக்கிறார்; பதினோரு மாதம் ஆனதும் நிறுத்திவைத்து மறுபடி எடுக்கிறார்கள். பிரேக்கு கொடுக்கிறார்களா என்று கேட்டேன். "பிரேக்கு இல்லம்மா, கேப்புன்னு சொல்லுவாக," என்றான். இந்தத் தடவை அவன் தேதியை மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அம்மா, யாரிடமும் சொல்லாதே என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மழை வலுக்கும்போது மாடியிலிருந்து, "ஹலோ, கேக்குதா? கேக்குதா சார்?" என்று அவன் குரல் இறங்கி வரும். எதிர்ப்பக்கம் யாராவது கேட்கிறது என்று சொல்லிவிட வேண்டுமே என்று படிக்கட்டின் அடியில் நின்றுகொள்வேன்.

அந்தப் பித்தளை மூடியை அலமாரியில் ஒரு சின்னக் கட்டைமேல் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அதற்குக் கம்பியும் இல்லை, மணியும் இல்லை. மழை நாளில் பார்த்தால் விழுந்து கிடக்கிறது. ரோட்டில் பஸ் போகிற அதிர்வு என்கிறான் மகன். இருக்கலாம். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி எடுத்து நிமிர்த்தி வைக்கிறேன். மதினியோ பிள்ளைகளோ இதைப் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளட்டும்: அன்றைக்கு இருந்த நான்கு பேரில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்தி, என் கணக்கில் அது முழு நாள், அந்தக் கூலி இன்னும் நிற்கிறது. ஆறு ரூபாய் ஐம்பது பைசா.