பொன்முடியில் இரண்டு கேமராக்கள்: டிஎஸ்எல்ஆரா, மிரர்லெஸ்ஸா?

டிஎஸ்எல்ஆரை விட்டு மிரர்லெஸ் கேமராவுக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கு எடை, விலை, லென்ஸ் என்று இத்தளத்தில் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். சென்ற மாதம் அதே கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்தது. இங்கே நீங்கள் பார்த்த மலைப்படங்கள் அனைத்தும் என் மனைவி லலிதா எடுத்தவை. நான் எழுதுகிறவன், பை சுமக்கிறவன், அவ்வளவே.

லலிதாவுக்குக் கிளௌக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சிறுகச் சிறுக அழிக்கும் நோய். ஓரப் பார்வை முதலில் போகும், போனது திரும்பாது. படி தட்டுகிறது, அந்தியில் எல்லாம் மங்குகிறது என்று மூன்று வருடங்களாக ஒரே கண் மருத்துவரிடம் சொல்லிவந்தாள். குளிரூட்டிய அறையில் அமர்ந்திருந்த அந்தக் கனவான் ஒவ்வொரு முறையும் மூக்குக்கண்ணாடியின் பவரை மாற்றினார். கண்ணழுத்தம் அளக்கும் கருவி அவருடைய மேசையருகிலேயே உறை போட்டு நின்றது. அளக்கச் சில நிமிடங்கள் போதும். அந்த உறையை ஒவ்வொரு முறையும் நான் பார்த்தேன். உள்ளே இருந்தது என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும்.

இரண்டாவதாகப் போய்ப் பார்த்த மருத்துவர் அழுத்தத்தை அளந்து உண்மையைச் சொன்ன பிறகு, பழைய டிஎஸ்எல்ஆரில் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில் வெளிச்சம் போதவில்லை என்று லலிதா ஒருநாள் சொன்னாள். மிரர்லெஸ் கேமராவில் கண் வைக்கும் இடத்தில் ஒரு சிறு திரை உண்டு. வேண்டிய அளவு அதைப் பிரகாசமாக்கலாம். ஆகவே ஒரு மிரர்லெஸ் கேமராவை ஒரு நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகைக்கு எடுத்தேன். அவளுடைய பழைய லென்ஸைப் பொருத்த அடாப்டரும் கொடுத்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் வருடந்தோறும் பொன்முடியில் ஒரே இடத்தில் நின்று ஒரே மலைவிளிம்பைப் படமெடுப்பது அவள் வழக்கம். அங்கேயே சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அவளால் இனியும் படமெடுக்க முடியுமா என்பதுதான் சோதனை. கேமரா அதற்கு ஒரு சாக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு நாங்கள் வசிக்கும் கரமனையிலிருந்து புறப்பட்டோம். பொன்முடி சுமார் அறுபது கிலோமீட்டர். போய்வர வாடகைக் கார் மூவாயிரம் ரூபாய். ஓட்டுநர் மணிகண்டன் கோட்டாற்றுக்காரர், எங்கள் தெருவுக்குப் பழக்கமானவர். நெடுமங்காடு தாண்டியதும் பேச்சைத் தொடங்கினார்.

"போன ஆழ்ச்ச ஒரு கூட்டம் பிள்ளையள கொண்டு போனேன் சார். மேல ஒரே மஞ்ஞு, ஒண்ணும் தெரியல. ரெண்டு மணிக்கூர் செல்ஃபி எடுத்துட்டு எறங்கிட்டானுவ. மூஞ்சிய எடுக்கதுக்கு மலை எதுக்குடேன்னு கேட்டேன்."

"மஞ்ஞுலே பின்னாடி இருக்கற குப்பையெல்லாம் படத்திலே விழாதோல்லியோ," என்றாள் லலிதா. "புத்திசாலிகளாக்கும்."

"மாமி அவுங்க பக்கமாக்கும்!"

விதுராவில் தேநீருக்கு நிறுத்தினோம். இடப்பக்கம் வைத்த கண்ணாடித் தம்ளரை அவள் பார்க்கவில்லை. முழங்கை பட்டு உருண்டது. கடைக்காரர் துணியோடு வந்தார். "எனக்கு மட்டும் ரெண்டு டீ," என்று அவரிடம் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த உறை நினைவுக்கு வந்தது.

கல்லாறுக்குப் பிறகு கொண்டையூசி வளைவுகள். எட்டு மணிக்கு உச்சியை அடைந்தபோது எதிரே மலை இருந்த இடத்தில் மூடுபனி. லலிதா முதலில் டிஎஸ்எல்ஆரைக் கண்ணில் வைத்தாள். "பாலைக் கொட்டினாப்லே இருக்கு," என்று அதைத் தாழ்த்தினாள். நான் மிரர்லெஸ்ஸைக் கொடுத்தேன்.

லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்பினாள். பிறகு, "ஏன்னா, தெரியறது," என்றாள். "பாறை தெரியறது. அந்த ஒத்தை மரம் கூடத் தெரியறது."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கேமராவைத் தாழ்த்துவதும் உயர்த்துவதுமாக இருந்தாள்.

"உங்களுக்கு மரம் தெரியறதா? வெறும் கண்ணாலே?"

"லேசா."

"லேசான்னா?"

"இருக்குன்னு தெரிஞ்சதாலே தெரியறது."

"இதிலே பளிச்சுன்னு இருக்கே. நீங்க என்னமோ பண்ணியிருக்கேள்."

திரையின் பிரகாசத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் வீட்டிலேயே உச்சத்துக்கு ஏற்றியிருந்தேன். சொன்னேன். அவள் கோபிக்கவில்லை.

"நல்ல மெஷினாக்கும். ஆனா இது மெஷின் பாக்கறது, நான் பாக்கறது இல்லே. எனக்கு மிச்சம் இருக்கறதே கொஞ்சம். அதை டீவி பாத்துத் தீக்கணுமா?"

"டீவி இல்லே லலிதா. இதிலே நீ இன்னும் பல வருஷம் படம் எடுக்கலாம்."

"அப்போ வாங்கித் தாங்கோ. வேண்டாம்னு சொல்லலே. இப்போ அதைக் கொடுங்கோ."

பழைய கேமராவை வாங்கிக்கொண்டாள். தொழில்நுட்பமாகச் சொன்னால் அவள் சொன்னது சரி. டிஎஸ்எல்ஆரில் மலையிலிருந்து புறப்பட்ட ஒளியே லென்ஸில் நுழைந்து, உள்ளிருக்கும் கண்ணாடியில் பட்டு, நேராகக் கண்ணுக்கு வருகிறது. மிரர்லெஸ்ஸில் கண்ணுக்கு வருவது திரையின் ஒளி. இத்தனை காலம் ஒப்பீடுகள் எழுதியும் இந்த வேறுபாட்டை நான் ஒரு குறையாகவோ நிறையாகவோ கணக்கில் எடுத்ததே இல்லை.

பனி விலகும்வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். ஒரே ஒரு படம் எடுத்தாள். கண்ணாடி எழுந்து விழும் ஓசை கேட்டது. "போறும்," என்றாள்.

இறங்கும்போது, அந்த மருத்துவரின் பெயரை இக்கட்டுரையில் எழுதப்போவதாகச் சொன்னேன். "எழுதினா அப்புறம் அவரைப் பத்தியே எழுதிண்டிருப்பேள்," என்றாள். "வாசிக்கறவாளுக்கு வழியைச் சொல்லுங்கோ." பெயரை எழுதவில்லை. மறக்கவும் இல்லை.

இனி வழி. பொன்முடிக்குப் பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தை முன்னதாகவே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கனமழையில் மலைப்பாதையை மூடுவதுண்டு, விதுராவிலேயே விசாரியுங்கள். கேமராவைப் பொறுத்தவரை, உங்களில் பெரும்பாலோர் மிரர்லெஸ்ஸுக்கு மாறலாம். எடை குறைவு, ஃபோகஸ் விரைவு, அடாப்டர் இருந்தால் பழைய லென்ஸ் வீணாகாது. பாட்டரி சீக்கிரம் தீரும். கூடுதலாக ஒரு பாட்டரி வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் கேமரா வாங்கும் முன் கண் மருத்துவரிடம் கண்ணழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கருவி உறைக்குள் இருந்தால் உறையைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றும்வரை நாற்காலியைவிட்டு எழாதீர்கள்.

நாங்கள் இப்போதைக்கு மாறவில்லை. லலிதா எடுத்த படம் கீழே இருக்கிறது. இடது ஓரத்தில் அந்த ஒற்றை மரம் பாதியோடு நின்றுவிட்டது. வழக்கமாக அவள் அதை முழுதாக உள்ளே வைப்பாள். வீட்டில் கணினியில் பார்த்தபோது, "மரம் நன்னா வந்திருக்கா?" என்று கேட்டாள்.

நன்றாக வந்திருக்கிறது என்றேன்.