கண்டக்டரம்மா நடந்த தூரம்

கண்டக்டரம்மா எங்கள் உடற்பயிற்சி அறைக்கு முதன்முதலாக வந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. நடைப் பயிற்சிக்கான இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, "பிடிச்சுக்கோங்க" என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார். "இருபது வருஷமா ஓடுற பஸ்ல எதையும் பிடிக்காம டிக்கெட் கிழிச்சவ மேடம் நான். ஆடாத தரையில எதுக்குக் கம்பி?" அல்சூர்க்காரர், ஐம்பது வயது, பெங்களூரு நகரப் பேருந்தில் நடத்துநர். கணையத்தில் புற்றுநோய். கீமோ தொடங்கி மூன்று வாரத்திலேயே சுடிதார் தோளில் நிற்காமல் தொளதொளத்தது.

நான் அந்த மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். அறுவை மருத்துவர் அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: கட்டி சுருங்கினால் மட்டும் போதாது, ஆபரேஷன் பெரியது, அதைத் தாங்கும் தெம்பு இருந்தால்தான் செய்வேன். கீமோவோ இருந்த தெம்பையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதனால் வாரம் மூன்று நாள் என் கண் முன்னால் அவர் நடக்க வேண்டும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டும், ரப்பர் பட்டையை இழுக்க வேண்டும். அவருடைய வீட்டுக்காரருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. பார்க்க வரும் உறவெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொடுத்து "படுத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போக, நான் மட்டும் எழுப்பி நடக்கவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

கண்டக்டரம்மா அசரவில்லை. தாம் நடப்பது போதாதென்று மற்ற நோயாளிகளையும் பஸ்ஸில் கூவுவதுபோலவே "முந்தே பன்னி, முந்தே பன்னி" என்று கன்னடத்தில் முன்னால் வரச்சொல்லி விரட்டுவார். மொத்த அறையும் சிரிக்கும்.

ஐந்தாவது வாரம், நடந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். தாங்கிப் பிடித்துவிட்டேன், அடிபடவில்லை. நாக்கு வறண்டிருந்தது, ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. உடனே சலைன் ஏற்றினார்கள். கண் விழித்தவரிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கீமோவால் வயிற்றுப்போக்கு ஒருபுறம் இருக்க, காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அன்று மட்டுமல்ல, பயிற்சிக்கு வந்த எந்த நாளிலும் குடிக்கவில்லை. "டியூட்டிக்குப் போறப்ப எவ மேடம் தண்ணி குடிப்பா? போற ரூட்ல பாத்ரூம் எங்க இருக்கு?" என் பயிற்சியையும் அவர் டியூட்டியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். நானும் அவர் வரும்போதெல்லாம் நம் வழக்கப்படி "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டிருக்கிறேன். தப்பு என்னுடையதுதான். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பயிற்சியை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னார் மருத்துவர். வீட்டுக்காரர் ஒரேயடியாகப் போதும் என்றார். ஆபரேஷன் கைநழுவிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் கண்டக்டரம்மாவே வீட்டுக்காரரை என் முன்னால் உட்கார வைத்துப் பேசினார். "நான் படுத்தே கெடந்தா ஆபரேஷன் கெடைக்காதுய்யா. கெடைக்கலன்னா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்." அடுத்த வாரம் வீட்டுக்காரரே அவரை ஆட்டோவில் கூட்டிவந்தார். அதற்குப் பிறகு தண்ணீர், வயிறு, தூக்கம் எல்லாம் விசாரிக்காமல் நான் பயிற்சியைத் தொடங்கியதில்லை. முடியாத நாளில் பாதியாகக் குறைத்தோம். ஆனால் விடவில்லை.

கீமோ முடிந்ததும் ஆறு நிமிட நடைச் சோதனை வைத்தோம். முதல் நாள் நடந்ததைவிடக் கூடுதலாகவே நடந்தார். ஸ்கேனையும் அதையும் பார்த்துவிட்டு மருத்துவர் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். அன்று நான் அழுதேன்.

இப்போது அந்த அறையில் புதிய சைக்கிள்கள், கணினித் திரைகள் எல்லாம் வந்துவிட்டன. என் வேலையில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அவற்றைக் காட்டுவதில்லை. ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாளைச் சொல்வேன். மூன்றாவது மாடி வார்டிலிருந்து லிஃப்டில் இறங்கி, நீண்ட வராந்தாவைக் கடந்து, வயிற்றிலிருந்து நீர் வடியும் குழாயின் பையைக் கையில் ஏந்தியபடி கண்டக்டரம்மா என் அறை வாசலில் நின்றார். பின்னால் வார்டு சிஸ்டர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"சிஸ்டர்தான் நடக்கச் சொன்னாங்க மேடம்," என்றார் கண்டக்டரம்மா. "எவ்ளோ தூரம்னு சொல்லல."