பதினான்கு வரிப் பனி

தங்கச்சி பிரியந்தி ஜெயித்ததையெல்லாம் அழகுமுத்து வருஷம் மாறாமல் ஒப்பிப்பான். 2004இல் பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சை, கணக்குக்கு ‘ஏ’. 2005இல் ராகலை கம்ப்யூட்டர் வகுப்பு, பதினெட்டுப் பையன்களுக்கு நடுவே ஒரே பெண், முதலிடம். 2006இல் நுவரெலியா கம்ப்யூட்டர் கடையில் வேலை. அன்றிலிருந்து காலை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது என்பது அவன் கட்சி.

அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் ஆள். தராசு முள் அசைந்துகொண்டிருந்தால் மூச்சைக்கூட விடமாட்டான்.

2008இல் கொழும்பு கேம் கம்பனி ஒன்று ஆள் கேட்டது. மார்ச் பதினேழு, திங்கட்கிழமைக்குள் கேமுக்கு ஏதாவது ஒன்றைச் செய்து, இணையத்தில் எல்லோரும் பார்க்கிற இடத்தில், செய்தவர் பெயரோடு வைக்க வேண்டும். பிரியந்திக்கு அந்த வேலை வேண்டும்.

இணையத்தில் ஷேடர்கள் இலவசமாகக் கிடைத்தன. கேமில் வெளிச்சமும் புகையும் தண்ணீரும் எப்படித் தெரியவேண்டும் என்று சொல்லும் சின்னச் சின்ன நிரல்கள் அவை. யாரும் எடுக்கலாம், திருத்தலாம்; செய்தவர் பெயரை மட்டும் அழிக்கக்கூடாது. ஜெர்மன்காரர் ஒருவர் எழுதிய பனியை எடுத்துத் தேயிலை மலைமேல் விட்டு, கடைக்கு வந்த அண்ணனிடம் காட்டினாள்.

“என்னா புள்ள இது? வேட்டிய காயப்போட்ட மாதிரி!” என்றான் அழகுமுத்து. “நம்ம பனி மேலருந்தா வருது? ஓடையில கெளம்பி, செடி இடுக்குல ஏறி, மொதல்ல கால மறைக்கும், அப்பறம் இடுப்ப. கடைசில கொழுந்து எடுக்குற அம்மா தல மட்டும் மெதக்கும்.”

“தல மட்டுமில்ல அண்ணே, வாயும் மெதக்கும்.”

நாலு நாள் முட்டிமோதிப் பதினான்கு வரி எழுதினாள். பனி ஓடையிலிருந்து எழுந்தது. கொழுந்து எடுப்பவர்களின் தலைகள் மிதந்தன. இணையத்தில் இருக்கும் அவருடைய பனியோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லி, அதை ஜெர்மன்காரர் பெயரிலேயே அவருக்கு அனுப்பிவிட்டாள்.

சனிக்கிழமை பதில் வந்தது. ‘என் பனிக்கு மேடேறத் தெரியாது. இந்தப் பதினான்கு வரி யாருடையவை? எழுதியவர் பெயர் இல்லாமல் சேர்க்கமாட்டேன்.’

“பேர போட்டுற வேண்டியதுதானே?” மறுநாள் கடையில் அழகுமுத்து கேட்டான். ஞாயிறு என்பதால் அவர்கள் இருவர்தான்.

“எப்புடி? அவரு செஞ்சதுல கொஞ்சம் கைவச்சேன், அம்புட்டுதான். அடுத்தவ நெரையில கொழுந்து எடுத்து எங்கூடையில போட்டுக்கவா? நீங்கதானே மலையே அதிர கத்துவீங்க!”

உண்மைதான். தோட்டத்தில் ஆளுக்கொரு நிரை, ஒரு வரிசைச் செடி. பிந்தியவளுக்குக் கைகொடுத்தால் அந்தக் கொழுந்து அவள் கூடைக்கே போகவேண்டும். பதினோரு வருஷமாக இதற்காகச் சண்டை பிடித்தவன் அவன்தான்.

“அப்ப வேல?”

“களவெடுத்து ஒரு வேலையா?”

அழகுமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“இந்த ஆளு பிந்திப்போயி நீ கைகுடுத்தியா? இல்லல்ல. அவரு பனி வந்த எடத்தோட முடிஞ்சிருச்சு. நீ அதுக்கு மேல எடுத்திருக்க. சரி, நம்ம தேயில நட்டது யாரு?”

“வெள்ளக்காரன் காலத்துல யாரோ.”

“செடிய கவாத்து வெட்டுனது?”

“செல்லசாமி மாமா.”

“தராசுல நா யாரு பேர கூப்புடுறேன்? கொழுந்து எடுத்தவ பேர. நட்டவுங்க பேர கூப்புடணும்னா, நா சுடுகாட்டுலதான் தராசு கட்டணும்!”

பிரியந்தி சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் பதினான்கு வரிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். அழகுமுத்து தன் பங்குக்கு இரண்டுமுறை எண்ணினான்.

ஜெர்மன்காரர் பெயர் மேலே அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, எழுத்தெழுத்தாக அடித்தாள்.

பிரியந்தி சிவசாமி, 2008 மார்ச் 16.