கட்டற்ற மென்பொருளும் போட்டோகொப்பிக் கடைக்காரரும்

பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை யூனிகோடுக்கு மாற்றித் தரும் சிறிய மென்பொருள் ஒன்றை எழுதி, கட்டற்ற மென்பொருளாக இணையத்தில் விட்டிருந்தேன். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். என் பெயரும் உரிமப் பத்திரமும் கூடவே போகவேண்டும். வாங்குகிறவர் கேட்டால், மென்பொருள் எப்படி எழுதப்பட்டது என்று காட்டும் மூலநிரலையும் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

துறைமுகத்துக்குப் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடைக்குப் போன மனைவி, அங்கே அது சீடியில் விற்பனைக்கு இருப்பதைக் கண்டுவிட்டு வந்தாள். உறையில் என் பெயர் இல்லை, கடைக்காரரின் பெயர் இருந்ததாம். அடியில் 'அனுமதியின்றி நகலெடுத்தல் தண்டனைக்குரிய குற்றம்' என்றும் போட்டிருந்தாராம். பாடப்புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை நகலெடுத்துக் கொடுக்கும் கடை அது.

பொலிசுக்குப் போகச் சொன்னாள். விற்றது குற்றமில்லை, பெயரையும் உரிமத்தையும் எடுத்ததுதான் பிழை என்றேன். ஆளோடு கதைக்கப் பயம் என்பதை இவ்வளவு நீட்டிச் சொல்லவேண்டுமா என்று கேட்டாள்.

போனேன். நான் யார் என்று சொன்னதும் கடைக்காரர் பின்கதவால் போய்விட்டார். மறுபடி போனபோது, அவர் வெருகல் கோயிலுக்குப் போயிருப்பதாகக் கடையிலிருந்த பெண் சொன்னாள். மேசைக்குக் கீழே அவருடைய கால்கள் தெரிந்தன. அவர் விற்பதில் எனக்குச் சந்தோஷம்தான் என்று அந்தக் கால்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அது அவரை இன்னும் பயமுறுத்தியிருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பெரிய பாரை மீனோடு எங்கள் வாசலில் நின்றார்.

கதிரை நுனியில் இருந்துகொண்டு சொன்னார்:

"கட்டற்றது எண்டு போட்டிருந்தது, சேர். காசு கட்டத் தேவையில்லை, ஆருமில்லாத சாமான் எண்டு நினைச்சிட்டன்."

இந்தக் கட்டு வேறு கட்டு என்று விளக்கினேன். தாராளமாக விற்கலாம், பெயரையும் உரிமத்தையும் திரும்பப் போட்டு, கேட்பவர்களுக்கு மூலநிரலையும் கொடுத்தால் போதும் என்றேன். நிரலைக் கொடுத்தால் மற்றக் கடைக்காரர்களும் விற்பார்களே என்றார். விற்கட்டும் என்றேன். அப்படியென்றால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

அவர் திரும்பி, குசினி வாசலில் நின்ற என் மனைவியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அக்கா, சேருக்கு ஏதும் சுகமில்லையோ?"

"கலியாணம் கட்டின நாளிலயிருந்து எனக்கும் அந்தச் சந்தேகம்தான்" என்றபடி அவள் மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சொன்னபடி செய்தார், கொஞ்சம் கூடுதலாகவே செய்தார். சீடி உறையிலும் கடை வாசலிலும் என் பெயரை அவர் போட்டிருந்த அளவைப் பார்த்து, கடையே என்னுடையது என்று நினைத்தவர்கள், போட்டோகொப்பி தெளிவில்லை என்று என்னிடம் முறையிட்டார்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு மூச்சிரைக்க வந்தார். பஸ் நிலையத்தடிக் கடையில் 'தன்னுடைய' மென்பொருளை விற்கிறார்களாம், பொலிசுக்குப் போகவேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி வந்துவிட்டாள்.

"நீங்கள் விக்கலாமெண்டால் அவையும் விக்கலாம்தானே, தம்பி. இவற்ற பேரும் உரிமமும் அதில இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"நிரல் கேட்டால் குடுக்கினமோ?"

"குடுக்கினம்."

"பிறகென்ன? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அவரும் தலையாட்டிவிட்டுக் குடித்துவிட்டுப் போனார். பல கூட்டங்களில் நான் பேசியும் ஒருவருக்கும் விளங்காத விஷயம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உனக்கு எப்போது இதெல்லாம் விளங்கியது என்று கேட்டேன். நீங்கள் விளக்கத் தொடங்கினால் அந்த மனுசனுக்கு மத்தியானச் சாப்பாடும் போடவேண்டி வரும், அதுதான் முந்திக்கொண்டேன் என்றாள்.